நாற்பது வாக்கியக் கிரேக்கர்

மொழி தெரிந்தவர் ஒரு ரகம், தெரியாதவர் இன்னொரு ரகம் என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு ரகம் நடமாடிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பையில் உள்ளங்கையகலக் கையேடு, நாக்கு நுனியில் நாற்பது வாக்கியம், முகத்தில் அந்த நாட்டையே கிரயம் பண்ணிவிட்ட களை. இவருக்கு நாற்பது வாக்கியக்காரர் என்று பெயர் வைப்போம். நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் அவர் உங்களை விட்டிருக்க மாட்டார்.

வெளிநாட்டுப் பயணம் என்று வீட்டில் பேச்சு எழுந்த மறுநாளே, டிக்கெட்டுக்கு முன்பே, பாஸ்போர்ட்டுக்கு முன்பே, பெட்டியின் அறுந்த கைப்பிடியைத் தைக்கக் கொடுப்பதற்கும் முன்பே, இவர் கையேட்டை வாங்கிவிடுவார். வாங்கிய மூன்றாம் நாள் குளிர்பதனப் பெட்டியில் ஒரு சீட்டு, குளியலறைக் கண்ணாடியில் ஒரு சீட்டு, செருப்பு அலமாரியில் ஒரு சீட்டு. நான்காம் நாள், கழுத்தில் துணியைக் கட்டும் முடிவெட்டுபவரிடம் "கலிமேரா" என்பார். வங்கியில் படிவத்தை நீட்டும் பெண்ணிடம் "எஃப்ஹரிஸ்தோ" என்பார். சொல்லிவிட்டு நகர மாட்டார். எதிரில் இருப்பவர் "என்ன சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்காகப் பின்னால் நிற்கிற வரிசையையே அரைமணி நேரம் காக்க வைப்பார். கேட்டுவிட்டால் போதும். "அது ஒண்ணுமில்ல, கிரேக்கம். நன்றின்னு சொன்னேன்" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்வாரே, அந்த அலட்சியம் காசு கொடுத்தாலும் நமக்கு வராது.

இந்த ரகத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். டயர்க்கடைக்காரர். அவரைக் குறைத்துப் பேச யாருக்கும் யோக்கியதை கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுவோம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காமல், லாரிகளின் எழுத்தைப் பார்த்தே படிக்கக் கற்றவர். மரத்தடியில் கைப்பம்பு ஒன்றை வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவர், இன்று மூன்று ஷட்டர் அகலத்துக்குக் கடை போட்டு நிற்கிறார். லாரிச் சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து, எவ்வளவு காற்று என்று சொல்வார். கருவியை வைத்துப் பார்த்து வித்தியாசம் வந்தால் கருவியில்தான் கோளாறு இருக்கும். இப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு கிரேக்கம் என்ன பெரிய கிரேக்கம் என்று அவர் நினைத்ததில் தப்பு உண்டா?

கிரேக்கம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? மகள் வழியாக. ஒரே மகள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவள், அங்கே ஒரு கிரேக்கப் பையனைக் கட்டிக்கொண்டு, அவன் தாயாரின் வீட்டிலேயே குடியிருக்கிறாள். கதை தொடங்கும்போது தலைப்பிள்ளை உண்டாகி நாலு மாதம். பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அம்மாவுக்கு ஆசை என்ற சொல்லெல்லாம் போதாது. செய்தி வந்ததிலிருந்து உறக்கத்திலும் அதே நினைப்பு. ஆனால் வீடு சம்பந்தியம்மாவுடையது. அவர் ஒரு வார்த்தை "வாங்க" என்று சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது எப்படி?

"அவரை விட்டே அவங்க அம்மாகிட்ட கேக்கச் சொல்றேன்ப்பா" என்றாள் மகள்.

"சம்பந்தி வீட்டுல நாம கேக்கறதை மாப்பிள்ளை வாயால கேக்கறதா? பெத்தவங்க வாயால கேட்டாத்தாம்மா மரியாதை. நானே கேக்கறேன். அவங்க மொழியிலேயே கேக்கறேன்."

"அப்பா, அவங்க ரொம்ப வேகமாப் பேசுவாங்க."

"பேசட்டுமே. நான் பேசற வேகத்தை நீ இன்னும் பாக்கல."

பாடம் தொடங்கியது. கையேட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். இடது பக்கம் பயணி பேசுவது, வலது பக்கம் உள்ளூர்க்காரர் பதில் சொல்வது. டயர்க்கடைக்காரர் பயணி. உள்ளூர்க்காரராக இருக்க வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மனைவிதான். காலை டீக்கு அடுப்பு பற்ற வைத்தால் அவள் கடைக்காரி. துணி மடித்தால் விடுதி மேலாளர். தரை துடைக்கும்போது ரயில் நிலைய அதிகாரி. அவர் முகத்தை நிமிர்த்திக்கொண்டு கேட்பார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பதில் சொல்வாள்.

"ஒரு நாளைக்காவது அந்த இடது பக்கத்தை எனக்குக் குடுங்களேன்."

"கேள்வி கேக்கறதுதான் கஷ்டம். பதில் யாரு வேணா சொல்லிட்டுப் போகலாம். நீ சொல்லு."

அந்தக் கையேட்டை எழுதிய மகராசன் எந்த ஊரில் என்ன அடிபட்டவனோ, வலது பக்கத்தில் ஏறக்குறைய எல்லாமே மறுப்பு. அறை இருக்கிறதா? ஓஹி, இல்லை. இன்று கடை உண்டா? ஓஹி. மருத்துவர் இருக்கிறாரா? ஓஹி. பஸ் ஒன்றுதான் போனால் போகிறது என்று "எர்ஹெதே", வருகிறது. ஆக, அந்த அம்மாள் மூன்று மாதம், நாளொன்றுக்கு இரண்டு வேளை, கணவர் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லிச் சொல்லிப் பழகினாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் கிடைக்காத வாய்ப்பு. நாளாக நாளாக அவள் உச்சரிப்பில் ஒரு தனி அழுத்தம் ஏறியதை அவர் கவனிக்கவில்லை. கவனித்து, "உனக்கும் கொஞ்சம் வருது" என்று பாராட்டியிருந்தால் கூட ஆச்சரியமில்லை.

கையேட்டின் முதல் பக்கத்திலேயே "எனக்குப் புரியவில்லை" என்று ஒரு வாக்கியம் இருந்தது. டயரில் அடையாளம் போடுகிற மஞ்சள் சுண்ணக்கட்டியால் அதன் மேல் ஒரு கோடு இழுத்தார். "இது எதுக்கு நமக்கு? புரியலைன்னு நாமளே போய்ச் சொல்லிக் குடுக்கணுமா?"

இந்த ரகத்தின் ஜாதகமே அந்த மஞ்சள் கோட்டில் இருக்கிறது. கேட்கத் தெரிந்தால் போதும், பதில் தானாக விளங்கிவிடும் என்று நம்புகிறவர் இவர். விளங்காவிட்டால்? சிரித்துக்கொண்டே தலையாட்ட வேண்டியது. தலையாட்டினால் நாகரிகம், கூடவே "நே, நே" என்றால் புலமை. கிரேக்கத்தில் நே என்றால் ஆமாம்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணி. தேய்த்த சட்டை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த கைபேசி. சம்பந்தியம்மாவுக்கு வேண்டுகோள் தயாராக இருந்தது. "என் மனைவி பிரசவத்துக்கு வரலாமா" என்பதெல்லாம் கையேட்டில் இல்லை அல்லவா? அதனால் விடுதிப் பாடத்திலிருந்து, "அறை காலியாக இருக்கிறதா? ஓர் ஆள். மூன்று மாதம்" என்று பெயர்த்து எடுத்து வைத்திருந்தார். பெண்டாட்டிக்குச் சம்பந்தி வீட்டில் அறை போடப் போனவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

திரையில் இரண்டு முகம் தெரிந்தது. பெரிய மூக்குக் கண்ணாடியும் அதைவிடப் பெரிய சிரிப்புமாகச் சம்பந்தியம்மா. ஓரத்தில் ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி மகள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தான். "நீ நடுவுல வாயைத் திறக்கக் கூடாது" என்று மகளுக்கு முன்கூட்டியே உத்தரவு.

"கலிமேரா! தி கானெதே?" வணக்கம், நலமா? கணீரென்று கேட்டார்.

சம்பந்தியம்மா கையைத் தட்டினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு. மனிதர் நம் மொழி பேசுகிறாரே என்ற ஆனந்தத்தில் அந்த அம்மாள் மடையைத் திறந்துவிட்டார். மூச்சு விடவில்லை, முற்றுப்புள்ளி வைக்கவில்லை, கையை விரிக்கிறார், முழங்காலைத் தொடுகிறார், மருமகளின் தலையைத் தடவுகிறார். அறை காலியாக இருக்கிறதா என்று கேட்க இடுக்கே கிடைக்கவில்லை. டயர்க்கடைக்காரர் என்ன செய்தார்? புன்னகைத்தார். "நே" என்றார். இன்னும் கொஞ்சம் வந்தது. "நே, நே" என்றார்.

"அப்பா..." என்றாள் மகள்.

"இரும்மா, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்."

"அப்பா, ஆமான்னு சொல்லாதீங்க!"

சம்பந்தியம்மா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். கேள்விதான் என்பது புருவம் தூக்கியதில் தெரிந்தது. இவ்வளவு நேரம் பேசியவருக்குச் சில்லறையாக ஒரு நே போதுமா? கைவசம் இருந்ததிலேயே கனமானதை எடுத்து வீசினார். "நே! பொலி கலா!" ஆமாம், ரொம்ப நல்லது.

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்து நெகிழ்ந்து போனார். மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

இத்தனை நேரம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னடி சொல்றாங்க?"

"அம்மா... இவ்வளவு தூரம் நீ எதுக்கு முழங்கால் வலியோட அலையணும், பிரசவத்தை நானே பாத்துக்கறேன், குழந்தைக்கு ஒரு வயசானதும் சாவகாசமா வாங்க, சரிதானேன்னு கேட்டாங்க. அப்பா..." முகத்திலிருந்து கையை எடுத்தாள். "அப்பா ரொம்ப நல்லதுன்னுட்டாரு. இப்போ நான் போய் இல்லேன்னா, அவங்க முகம் என்னத்துக்கு ஆகும்?"

டயர்க்கடைக்காரர் செம்பைச் சற்று நகர்த்தினார். தண்ணீர் குடிப்பது போல எடுத்தார், குடிக்கவில்லை. செம்பில் சாய்ந்திருந்த கைபேசி குப்புற விழுந்தது. அதை நிமிர்த்தியது மனைவியின் கை. நிமிர்த்திய கை அதைத் திருப்பித் தரவில்லை.

"ஓஹி" என்றாள்.

அறை இல்லை, கடை இல்லை, மருத்துவர் இல்லை என்று மூன்று மாதம் தீட்டிய ஓஹி அது. சம்பந்தியம்மாவின் கண்ணாடியே ஒரு அங்குலம் இறங்கிற்று. மனைவிக்கு அதற்கு மேல் வாக்கியம் கிடையாது. இருப்பதை வைத்துத்தானே குடும்பம் நடத்த வேண்டும்? பஸ் வருகிறது என்ற வாக்கியத்திலிருந்து பஸ்ஸை இறக்கிவிட்டாள். உறவுமுறைப் பக்கத்திலிருந்து தாயை எடுத்து அந்த இடத்தில் ஏற்றினாள். தன் மார்பில் விரலை வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள்: "மிதேரா. எர்ஹெதே." அம்மா வருகிறாள்.

டயர்க்கடைக்காரர், எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்று, "பொலி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி. இது தமிழ்.

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றினார். அந்த விரலையும் அந்த முகத்தையும் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கைபேசியே கையில் அதிர்ந்தது. "எலா!" என்றார். "எலா, எலா!" வா, வா என்று இரண்டு கையாலும் கூப்பிட்டார். தொடர்ந்து மகளிடம் ஏதோ நீளமாகச் சொன்னார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அம்மா, இந்த வீட்டுல இதுவரைக்கும் இவங்ககிட்ட யாரும் இல்லேன்னு சொன்னதே இல்லையாம். உடனே கிளம்பி வரச் சொல்றாங்க, வந்து இதே ஓஹியை இவங்க மகன்கிட்டயும் நாலு தடவை சொல்லணுமாம்."

திருந்தினாரா நம்மவர்? இந்த ரகத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. மறுநாள் கடையில், சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மூத்த வேலையாளிடம் சொன்னார்: "நேத்துச் சம்பந்தியம்மாகிட்ட கிரேக்கத்துல பேசி முடிச்சாச்சு. வீட்டம்மா அடுத்த மாசம் கிளம்பறா."

"நீங்க போகலியா, மொதலாளி?"

"அம்மா மட்டும் மொதல்ல வரட்டும்னு பொண்ணு சொல்லுது. அங்க பேச்சுவார்த்தைக்கு ஒரு ஆள் போதும்ல? அவளுக்கும் நான்தானே சொல்லிக் குடுத்தேன்!" சொல்லிவிட்டு, போல்ட்டை முறுக்கிக் கொண்டிருந்தவரின் தோளைத் தட்டி, "பொலி கலா" என்று நின்றார். அந்த ஆள் "என்னது?" என்று கேட்கிற வரைக்கும் நகரவில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், நம்மவருக்கு வேண்டியதுதான். ஆனால் வழியில் வந்த கிரேக்கச் சொற்களைக் கண்ணால் மட்டும்தான் படித்தீர்களா? உதடு அசையவில்லையா? அசைந்தபோது, பக்கத்தில் இருக்கிறவர் காதில் விழட்டுமே என்று சற்று உரக்கவும் வந்ததா? கேட்டவர் நிமிர்ந்து பார்க்காததில் ஒரு சின்ன வருத்தமும் வந்ததா? அப்படியென்றால் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக் காலை யாராவது எதிரே வந்து வணக்கம் சொன்னால், தமிழிலேயே திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.