காயில் சார் ரயில்வேக்கு எழுதிய கடிதம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் காயில் சாரிடம் ரயில் பாடம் கேட்காத ஜீவன் ஒன்று இருந்திருந்தால், அது அன்றைக்கு லீவில் ஊருக்குப் போயிருக்க வேண்டும். அவர் அனல் மின் நிலையத்தில் எலெக்ட்ரீஷியன். பேச்சிலர் ஹாஸ்டலில் என் அறைவாசி. எழுபதுகளின் கடைசியில் ஏதோ விஞ்ஞானப் பத்திரிகையைப் படித்ததிலிருந்து அவருக்கு இந்தப் பித்து; பட்டப்பெயரும் அதில் வந்ததுதான்.

"தம்பி, மின்சார ரயில் பிரேக் போடறப்ப அந்த வேகமெல்லாம் சூடாகி வீணாப் போகுது. அதைக் கரண்டாக்கி ஒரு காயிலுக்குள்ள விட்டுட்டா, அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். ரயில் கிளம்பறப்ப திரும்ப எடுத்துக்கலாம்!"

"கம்பிச் சுருள்ல கரண்ட் கொஞ்ச நேரத்துல செத்துப்போயிடுமே சார்?"

"இது அதிகடத்தி! தடையே கிடையாது. குளிர வைக்கணும், அவ்வளவுதான். பூஜ்யத்துக்குக் கீழ இருநூத்தி அறுபத்தொன்பது டிகிரி போதும்."

அப்போது மே மாதம். பானைத் தண்ணீரே வெந்நீராக இருந்தது.

திருவதிகைக்குப் பெண் பார்க்கப் போனார். "பொண்ணுகிட்ட ஏதாவது பேசணுமா?" என்று கேட்டார்கள். பேசினார், ஒன்றரை மணி நேரம். காபியும் ஆறியது, சம்பந்தமும் ஆறியது. மெஸ் சமையல்காரரோ, "சாம்பாரு தீஞ்சாலும் வுட மாட்றாரு சார், ரயிலு ரயிலுன்னு சொல்லிக்கினே நிக்கறாரு" என்று என்னிடம் முறையிடுவார்.

சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் ஒரு நாள் சிரிப்பை நிறுத்தினோம். காயில் சார் யாரையும் கேட்காமல் ரயில்வேக்கே பதினான்கு பக்கக் கடிதம் எழுதிவிட்டார். பதில் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. பத்து மணிக்குப் பர்சனல் ஆபீசர் கூப்பிடுகிறாராம். இவருக்கோ வேலை இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். "வேலை போச்சுன்னா ஊர்ல அம்மாகிட்ட என்ன தம்பி சொல்றது?"

அவர் வாயிலிருந்து ரயில் இல்லாத ஒரு வாக்கியத்தை அன்றுதான் கேட்டேன்.

பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. ஆளைக் காணோம். சமையல்காரர் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றார். "வூட்டுக்கே அனுப்பிட்டாங்களா சார்?"

ஒன்றரைக்குச் சைக்கிள் மணி. காயில் சார் முகமெல்லாம் பல்லாக இறங்கினார்.

"யோசனை சரிதானாம்! வெளிநாட்டுல ஆராய்ச்சியே நடக்குதாம். குளிர வைக்கற செலவுதான் இடிக்குதுன்னு எழுதியிருக்காங்க."

"ஆபீசர் திட்டலையா?"

"இனிமே கேட்டுட்டு எழுதுங்கன்னார். அதோட விட்டிருக்கலாம். அதிகடத்தின்னா என்னன்னு கேட்டுட்டார்."

பாவம் ஆபீசர், மூன்று மணி நேரம்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சமையல்காரர் காயில் சார் கையைப் பிடித்து இழுத்தார். "வந்து உக்காருங்க சார், சோறு ஆறிக்கினு இருக்குது. சாப்ட்டுக்கினே சொல்லுங்க, கேக்கறேன்."

வேறு அறை கேட்டு நான் எழுதிக் கொடுத்திருந்த மனுவை, அன்று சாயங்காலமே போய்த் திரும்ப வாங்கிக்கொண்டேன்.