தப்பால் அண்ணனும் நெடுந்தீவுக் குதிரைகளும்

வழி கேட்பதை மானக்கேடாக நினைத்த மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் தப்பால் அண்ணன் என்போம்; எங்கள் பக்கம் தப்பால் என்றால் தபால். லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கு வரும் கடிதத்தில் இருந்திருக்கும். ஆனால் அவருக்குத்தான் ஒருத்தரும் கடிதம் போட்டதில்லையே!

"தோட்டத்துக்கே வழி சொல்றவன் நானு. நான் போயி இன்னொருத்தன்கிட்ட கேக்கவா?" என்பார். ஒரு தடவை கொழும்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மச்சானைப் பார்க்க, ஆரஞ்சுப் பழமும் கையுமாகப் போனார். யாரையும் கேட்காமல் நடந்து நடந்து, மிருகக்காட்சிசாலையில் போய் நின்றார். திரும்பி வந்து, "மச்சானுக்குத் தேறிருச்சாம். பழத்தைக் கொரங்குக்குக் குடுத்துட்டேன்" என்றார். தேறிவிட்டது என்று அவருக்கு யார் சொன்னது, குரங்கா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த புதுசு. எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு ஒரு படத் தபாலட்டை வந்தது. யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் நெடுந்தீவில் குதிரைகள் தன்பாட்டுக்கு மேய்கிற படம். அண்ணன் அதை நாலு நாள் தானே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளாக்கரிடம் கொடுத்தார்.

"ஜாக்கி இல்லாத குதிரைடா தம்பி! நுவரெலியா ரேஸ்ல கூட இப்படிக் கெடையாது. நாம போறோம். ஒருத்தனும் நம்மளக் கூட்டிக்கிட்டுப் போக வேணாம், நாமளாவே போறோம்."

என் போதாத காலம், தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு அப்போதுதான் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அட்டனில் கல்வி அலுவலகத்தில் நிற்க வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். எங்கள் லயத்திலேயே முதல் அரசாங்க உத்தியோகம். தீவிலிருந்து ஞாயிறு நாலு மணிப் படகைப் பிடித்தால், திங்கள் பஸ், செவ்வாய் காலை அட்டன். படகைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு.

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணி நேரம் குடலைப் புரட்டிக்கொண்டு போய் இறங்கினோம். அண்ணன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்னாடா இது, எல்லாம் தட்டையா கெடக்கு?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மலையில் பிறந்தவனுக்கு வழி என்றால் மேலே, கீழே, அவ்வளவுதான். மேலே ஏறினால் கோயில், கீழே இறங்கினால் ரோட்டு, தண்ணீர் ஓடுகிற பக்கம் போனால் தேயிலை ஸ்டோர். இங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. கல்லை அடுக்கிய மதில், ஒரு பனை. மறுபடி மதில், மறுபடி பனை.

நடந்தோம். கிணற்றடியில் ஒரு அக்கா தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். "ஆரைத் தேடுறியள்?" என்றார்.

"தேடலைங்க, சுத்திப் பாக்குறோம்ங்க" என்றார் அண்ணன், பெரிய துரை மாதிரி.

இன்னும் ஒரு மணி நேரம் நடந்தோம். அதே அக்கா, துணி துவைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் சுத்துறியளோ?"

"ஆமாங்க. நல்ல ஊருங்க."

மூலை திரும்பியதும் அண்ணன் போத்தலைத் திறந்து தண்ணீரைத் தரையில் ஊற்றினார். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். அது எந்தப் பக்கமும் ஓடவில்லை, மண் அப்படியே குடித்துவிட்டது. "நெலமே சரியில்லடா" என்றார். குடிக்க வைத்திருந்த தண்ணீரும் போச்சு!

குதிரையும் இல்லை, வந்த வழியும் மறந்துபோயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளில் வந்த ஒருவரை மறித்து, படகுத்துறை எங்கே என்று கேட்டேன். "வடக்கால போய், மேற்கால திரும்பி, பிறகும் வடக்கால போங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குக் கிழக்கு என்றால் அந்த மலை, மேற்கு என்றால் இந்த மலை. மலையே இல்லாத ஊரில் வடக்கை எங்கே போய்த் தேடுவது? வெயிலும் உச்சந்தலைக்கு நேரே நின்றது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல முழித்தேன்.

"பாத்தியா? கேட்டா இப்படித்தான்!" அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

மறுபடி நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். மூன்றாவது தடவையும் அதே கிணறு, அதே அக்கா. இப்போது காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். மணி மூன்றரை. நான் மதிலோரம் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் அரை மணியில் படகு போய்விடும்.

அக்காவே பக்கத்தில் வந்தார். "குதிரை பாக்கவே வந்தனீங்கள்? தெற்குப் பக்கமாத்தான் நிக்குதுகள். வாங்கோ, காட்டுறன்."

அண்ணன் அவர் கை காட்டிய பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"குதிரை கெடக்கட்டும்ங்க. படகுத் தொறைக்கு எப்படிப் போறதுங்க? எனக்கு வழி தெரியலைங்க. தம்பி வேலையில சேரணும். கொஞ்சம் கூட வந்து விட்டுடுங்க."

சாமி சத்தியமாக, அந்த மனுசன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

அக்கா துணியைப் போட்டது போட்டபடி முன்னால் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். எந்தச் சந்தில் நுழைந்தோம், எந்த மதிலைச் சுற்றினோம், ஒன்றும் தெரியாது. கயிறு அவிழ்க்கிற நேரம் படகில் ஏறி விழுந்தோம்.

அவரை நன்றாகத் திட்டுவது என்றுதான் இருந்தேன். முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. "அண்ணே, குதிரையைப் பாக்காமலே போறோமே" என்றேன்.

"போடா. குதிரை எங்க ஓடிறப் போகுது" என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அட்டனில் கையெழுத்துப் போட்டேன். வெளியே காத்து நின்ற அண்ணனிடம் வந்து, "சேந்தாச்சுண்ணே" என்றேன். நடுரோட்டில் நின்று ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். குதிரையைப் பார்க்காத ஏக்கமோ என்று முதலில் குழம்பினேன். இல்லை, எனக்காகத்தான். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அப்படித்தான் அழுதிருப்பார்.