பைரவ சித்தரின் பேன்சீப்பு

சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகிற மினிபஸ்ஸில் அன்று மனிதர்கள் நின்றுகொண்டு வந்தார்கள். நாய்கள் உட்கார்ந்துகொண்டு வந்தன. தேய்பிறை அஷ்டமி அல்லவா! பைரவ சித்தரைப் பார்க்கப் போகிற நாய்க்கு டிக்கெட் கேட்டால் கை முடங்கிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. கண்டக்டருக்கும் கை வேண்டுமே, பாவம்.

சித்தரின் பழைய பெயர் பக்கிரி. கம்மாபுரம் பக்கம் நாய்க்குட்டி விற்றுக்கொண்டிருந்தவர். ஒருநாள் பைரவரே கனவில் வந்து, 'குட்டி விற்றது போதும், குறி சொல்லு' என்றாராம். பைரவருக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்! அன்றிலிருந்து கொள்ளிடக் கரையோரம் ஒரு தகரக் கொட்டகை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் வெள்ளிப் பூண் போட்ட பேன்சீப்பு. அந்தச் சீப்பால் நாயைச் சீவுவார். வீட்டுக்குக் குறி சொல்வார்.

சீவினால் முடியோடு கருப்புப் பொடி உதிரும். தீர்த்தம் தெளித்த வெள்ளைத் துணியில் அதைத் தட்டுவார். கருப்புப் பொடி கண்ணெதிரே சிவப்பாகக் கரையும்.

"ரத்தம்! செய்வினை! தெள்ளத் தெளிவாத் தெரியுது" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மிச்சப் பொடியைத் தாயத்தில் அடைத்து, வந்தவர் கழுத்தில் கட்டிவிடுவார்.

பக்கத்தில் பட்டு மெத்தையில் அவருடைய சொந்த நாய், ஒரு வெள்ளைப் பொமரேனியன், ஓயாமல் சொறிந்துகொண்டிருக்கும். கேட்டால், "அருள் எறங்குது." வாசலில் டோக்கன் கொடுப்பவர் அவருடைய மனைவி மகேஸ்வரி.

போன அஷ்டமிக்கு, கறவை மாடு செத்த துக்கத்தில், குமராட்சி சௌந்தரம் தன் நாய் டைகரோடு வந்திருந்தார். துணி சிவந்தது. "வச்சது வெளியாளு இல்லம்மா. வாழ வந்த பொண்ணு. பேரு ம-வுல ஆரம்பிக்கும்" என்றார் சித்தர்.

ஊரில் பாதிப் பெண்களுக்கு ம-வில்தான் பெயர். ஆனால் சௌந்தரத்தின் மருமகள் பெயர் மலர்க்கொடி. போதாதா? இந்த அஷ்டமிக்கும் துணி சிவந்தால் மலர்க்கொடி பெட்டியைக் கட்டிக்கொண்டு மங்கலம்பேட்டையில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. புருஷன் சிலம்பரசன் இன்ஜினியரிங் படித்தவன். செல்போனை நோண்டிக்கொண்டு சும்மா நின்றான். எனக்குச் சித்தரைவிட இவன்மேல்தான் கோபம்.

மலர்க்கொடி அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடப் படித்த சத்யப்பிரியாவுக்குப் போன் போட்டாள். சத்யப்பிரியா கடலூரில் நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டிச் சீவிவிடுகிற கடை நடத்துகிறவள்.

அஷ்டமியும் வந்தது. டைகரைச் சீவினார்கள். துணி சிவந்தது.

"பாத்தியாடி? பொட்டியக் கட்டு!" என்று சௌந்தரம் கத்தினார்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று சத்யப்பிரியா முன்னால் வந்தாள். "சாமி, ஒரு சந்தேகம். மெத்தையில இருக்குற உங்க பைரவருக்கு எவனாச்சும் செய்வினை வைக்க முடியுங்களா?"

"எவனுக்கும்மா அந்தத் துணிச்சல்? வச்சவன் கை வெந்துபூடும்!"

"அப்ப அவர சீவுனா செவப்பு வராது?"

"வரவே வராது!" என்று கூட்டத்தைப் பார்த்து முழங்கினார் சித்தர். முழங்கிய பிறகுதான் அவருக்கு வியர்த்தது. அதற்குள் சத்யப்பிரியா தன் சீப்பால் பொமரேனியனை நாலு இழுப்பு இழுத்து, தீர்த்தம் தெளித்த இன்னொரு துணியில் தட்டிவிட்டாள். வெற்றிலைச் சாறு துப்பினது போல் துணி முழுக்கச் சிவப்பு.

கூட்டத்தில் பொன்னுரங்கம் என்கிற பெரியவர் உண்மையான கவலையோடு கேட்டார்: "அடப்பாவமே, சாமிக்கே வச்சிட்டாங்களா? யாரு, வாழ வந்த பொண்ணா? பேரு ம-வுலயா?"

அத்தனை கண்ணும் டோக்கன் மேசைப் பக்கம் திரும்பின.

மகேஸ்வரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யோவ், என்னையா பாக்குறீங்க? செய்வினையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தெள்ளுப்பூச்சிய்யா அது! மருந்து போட்டுக் குளிப்பாட்டுறேன்னு தெனம் சொல்றேன். தெள்ளு போனா தொழிலு போயிடும்டீங்குறாரு இந்த மனுஷன்!"

"ஆமாங்க. நாயோட ரத்தத்தக் குடிச்சிட்டுத் தெள்ளு போடுற எச்சம் இது" என்றாள் சத்யப்பிரியா. "காஞ்சா கருப்பு, தண்ணி பட்டா செவப்பு. எங்க கடையில தெனமும் பாக்குறோம். சாமி சரியாத்தான் சொல்லியிருக்காரு. தெள்ளுதான், தெளிவாத் தெரியுது!"

"அய்யய்யோ! பூச்சிப் பீயையா ஒரு மாசமா கழுத்துல கட்டிக்கிட்டிருந்தேன்!" சௌந்தரம் தாயத்தை அறுத்துச் சித்தர்மேல் எறிந்தார். இன்னும் நாற்பது தாயத்துகள் பறந்தன. ஒன்றாவது பட்டிருக்குமா தெரியவில்லை. சித்தர் அதற்குள் கொள்ளிடக் கரையில் வேட்டியை மடித்துக் கட்டி ஓடிக்கொண்டிருந்தார்.

சிலம்பரசன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "நான் அப்பவே நெனச்சேன்."

"நெனச்சீங்களா? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமோ?" என்றாள் மலர்க்கொடி.

சௌந்தரத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வாம்மா, நம்ம வூட்டுக்குப் போவலாம்" என்றார் தரையைப் பார்த்தபடி.

"வர்றேன் அத்தை. போனதும் மொத வேலை டைகரக் குளிப்பாட்டணும். உங்க புள்ள தேய்க்கட்டும்."

திரும்புகிற மினிபஸ்ஸில் கண்டக்டர் நாய்களுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார். நாயை மடியில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பரபரவென்று காலைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். "அருள் எறங்குது போலருக்கு" என்றார் கண்டக்டர்.

காலைச் சொறிந்தது போதும் ஐயா. இனியாவது கொஞ்சம் தலையைச் சொறிந்து யோசியுங்கள்!