இன்னும் வராத கம்ப்யூட்டருக்கு ஒரு மேசை

இனி இந்த வீட்டில் வாங்கினால் அந்தக் கம்ப்யூட்டரைத்தான் வாங்குவேன் என்று சபதம் போட்டேன். சபதத்தில் ஒரே ஒரு சிக்கல். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் வெளிவரவில்லை. வரப்போகிறது என்று பேச்சு. ஆல் இன் ஒன். பெட்டி கிடையாது, ஒயர் கிடையாது. மூளை, கண், காது, வாய் எல்லாம் ஒரே திரைக்குள் அடக்கம். கறுப்பு நிறமாம். சிலர் அடர்நீலம் என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் கைகலப்பு நடக்காததுதான் குறை. விலையைப் பற்றி மட்டும் வதந்தி கிளப்பக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். துணி துவைக்கும் மெஷினோடு இலவசமாக வருமே, யாரும் படிக்காத விளக்கப் புத்தகம், அதைப் பக்கம் பக்கமாக வடிவமைக்கிறவன் நான்தான். என் பழைய கம்ப்யூட்டரை முடுக்கினால் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் சுவரைத் தட்டி, "சார், சுவர்ல துளை போடறீங்களா?" என்பார். துளை போடுகிற சத்தம் அவருக்குத் தெரியாதா.

உண்மையான பிரச்சினை மேசை. வீட்டில் வெளிச்சம் ஒழுங்காக விழும் ஒரே இடம் ஜன்னலோர மேசைதான். பாதி எனக்கு. மறு பாதி என் மனைவியின் தையல் மெஷினுக்கு. ஊரார் பெருத்தால் பேண்ட்டைப் பிரித்து விடுவாள், இளைத்தால் பிடித்துத் தைப்பாள். உடம்பு ஒரே அளவில் நிற்காதவரை அவளுக்குத் தொழிலில் குறைவில்லை. புதுக் கம்ப்யூட்டரைச் சாக்காக வைத்து முழு மேசையையும் வளைத்துப் போடுவது என் திட்டம். முதல் வேலையாக, பேசப்படும் அளவில் ஒரு அட்டையை வெட்டி மேசை நடுவில் நிறுத்தினேன்.

"இது என்னங்க?"

"வரப்போற கம்ப்யூட்டர். இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்தாள்.

"முப்பத்திரண்டு அங்குலம். போன மாசம் இருபத்தேழுன்னு சொன்னீங்க."

"அது போன மாசத்துப் பேச்சு."

"மாசாமாசம் பெருத்துக்கிட்டே போகுதே. வர்றப்ப வாசல்ல நுழையுமா?"

"கிண்டல் பண்ணாதே. இது வந்தா முழு மேசையும் வேணும். உன் மெஷினை உள் ரூமுக்கு மாத்திடலாம்."

"அங்க ஊசிக் காதே தெரியாது."

"லைட் போட்டுக்கலாம்."

சண்டை வரும் என்று வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். அவளோ வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் சரி என்று சொன்ன எதுவும் எனக்குச் சரியாக முடிந்ததில்லை. அது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

"அது வீட்டுக்குள்ள வர்ற நாள்ல மேசை முழுக்க உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா அதுவரைக்கும் முழுக்க எனக்கு. ஒரு பள்ளிக்கூட நாடக மேடைக்குத் திரை தைச்சுக் கேட்டிருக்காங்க. இடம் பத்தலை."

எனக்கும் திரை, அவளுக்கும் திரை. நியாயமாகத்தான் பட்டது. கை கொடுத்தேன்.

"அதுவரைக்கும் நான் எங்க வேலை செய்யறது?"

"இஸ்திரிப் பலகை இருக்கே. உயரம்கூட மாத்திக்கலாம்."

அதன் பிறகு என் வாழ்க்கை இஸ்திரிப் பலகையில் ஓடியது. ஒரு எழுத்தைத் தட்டினால் பலகை மூன்று முறை ஆடும். ஒரு பக்கம் முடிவதற்குள், "கொஞ்சம் எந்திரிங்க, தையலை அழுத்தணும்" என்பாள். கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்பேன். சுகமான கஷ்டம். தினமும் வதந்திகளைப் படித்து மனதைத் தேற்றிக்கொள்வேன். என்னைப் போல் காத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பல் டாக்டரும் அதில் இருக்கிறார். அங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. என் புனைபெயர் 'உள்ளாள்', ஏதோ கம்பெனிக்குள்ளேயே இருக்கிற ஆள் மாதிரி.

கடைசியில் ஒரு நாள் காலையில் அது வெளிவந்தேவிட்டது. கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை, சாம்பல். பரவாயில்லை. பணம் தயார். வாங்கும் பக்கத்தைத் திறந்தேன். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"இன்னிக்கே வாங்கறீங்களா?" என்றாள், பேண்ட் ஒன்றின் ஓரத்தை மடித்தபடி.

"ஆமா. மெஷினைத் தூக்கத் தயாரா இரு."

"தூக்கிடலாம். பாவம், அடுத்த வருஷம் வர்றதைப் பத்தி உங்களுக்குத் தெரியாது போல."

விரல் அங்கேயே உறைந்தது.

"எதைப் பத்தி?"

"ஒண்ணுமில்ல. நீங்க வாங்குங்க."

"சொல்லு."

"அதுல திரையைப் பிரிச்சு விட்டுக்கலாமாமே. ஓரத்துல ரெண்டு அங்குலம் உள்ள மடிச்சே குடுக்கறாங்களாம். வேணும்னா பெருசாக்கிக்கலாம், வேணாம்னா பிடிச்சுக்கலாம்."

"யார் சொன்னா?"

"பேசிக்கிறாங்க."

பேசிக்கொள்கிறார்கள் என்றால் எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். பக்கத்தை மூடினேன். சூடு ஆறுவதற்குள் குழுவில் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் செய்தி வளர்ந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் மடிப்பு என்றார் ஒருவர். படத்தையே பார்த்தேன் என்றார் இன்னொருவர். நிறமும் அடர்நீலம் என்று முடிவாகிவிட்டது.

சாயங்காலம் பல் டாக்டர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"சார், வாங்கிடலையே? அடுத்ததுல ஓரம் மடிச்சு வருதாம். உள்ளாளே சொல்லிட்டார்."

அந்த உள்ளாள் நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஆனால் இன்னொருவர் வாயால் கேட்டதும் எனக்கே நம்பிக்கை இரட்டிப்பானது.

அவர் போனதும் தையல் மெஷின் நின்றது.

"என்னங்க, அதை நான்தான் சொன்னேன். பேண்ட்டை மடிச்சிட்டிருந்தேனா, வாயில வந்ததைச் சொல்லிட்டேன். வேணும்னா போய் வாங்கிக்குங்க. அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவளுக்குத் தொழில்நுட்பத்தைப் பற்றி என்ன தெரியும்.

"நீ சும்மாதான் சொல்லியிருப்பே. ஆனா அப்படியே பல் டாக்டரும் சொல்றாரே, எப்படி? படமே வந்தாச்சு. இவ்வளவு உறுதியான பிறகு போய் மடிப்பு இல்லாததை வாங்குவாங்களா?"

பேண்ட் தானாகச் சுருங்கிவிட்டது என்று சாதிக்கும் வாடிக்கையாளரைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ அடுத்த வருஷம்தானா?"

"அடுத்த வருஷம்தான்."

"அதுவரைக்கும் மேசை?"

"உனக்குத்தான். குடுத்த வாக்கை மீற மாட்டேன்."

"சரிங்க. கொஞ்சம் எந்திரிங்க, இஸ்திரி போடணும்."