வழிகாட்டிப் பெட்டியைத் திருப்பி அனுப்புவது குறித்து

ஹாகன் நகர்,
திங்கட்கிழமை, காலை.

மதிப்புக்குரிய மைத்துனர் ஃபோல்க்மார் அவர்களுக்கு, ஹார்ட்விக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை ரோஸ்விதாவும் உடம்பளவில் நலம். அங்கு தங்கள் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறிவருவதாகவும், ஊன்றுகோலுடன் தோட்டம் வரை நடப்பதாகவும் அறிந்து மகிழ்ந்தோம். தங்கள் துணைவியார் ஹைடே அக்காவும் நாய்க்குட்டியும் நலம்தானே? நிற்க. நேற்று தாங்கள் தொலைபேசியில் அழைத்து, "கல்யாணத்துக்கு என் பெட்டி எப்படி வேலை செஞ்சுது?" என்று ரோஸ்விதாவிடம் கேட்டீர்களாம். அவள் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாளாம். தங்கள் மனம் புண்பட்டிருக்கும். அது ஏன் என்று விளக்குவது என் கடமை. கூடவே இன்னொன்றும் தெரிவிக்க வேண்டும்: தாங்கள் என் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் பரிசளித்த, காரில் வழி சொல்லும் வழிகாட்டிப் பெட்டி, அதன் ஒயர், பிடிப்பான், விளக்கப் புத்தகம் எல்லாம் பார்சலில் தங்கள் முகவரிக்கு வருகின்றன. தயவுசெய்து பெற்றுக்கொள்ளவும்.

அன்று எல்லோர் முன்னாலும் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஹார்ட்விக் லேட்டுன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது" என்று தாங்கள் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிரித்தவர்களில் என் மகள் வீப்கேவும் ஒருத்தி, அதுவும் நினைவிருக்கிறது. சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் நீச்சலில் பதக்கம் வாங்கிய அன்று நான் டோர்ட்முண்டுக்கு முன்னால் நெரிசலில் நின்றேன், பள்ளி முடித்த அன்று வூப்பர்டாலில் நின்றேன், பட்டம் வாங்கிய அன்று நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், நானும் ஒரு கை கொடுத்துவிட்டு வந்தேன். இத்தனைக்கும் நான் எப்போதும் சீக்கிரமாகவே கிளம்புகிறவன் என்பது தங்களுக்குத் தெரியும். நகரக் குடிநீர்த் துறையில் முப்பத்தெட்டு வருடம் ஒரு நாள் பிந்தியதில்லை, ஏனென்றால் அங்கே நடந்து போனேன். இந்தப் பின்னணியில்தான் மல்ட்டேயைக் கட்டிக்கொள்ளப்போகிற வீப்கே மே மாதம் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ம்யூன்ஸ்டர் பதிவு அலுவலகத்துல பதினொண்ணு இருபதுக்கு எங்க பேரைக் கூப்பிடுவாங்க. இருபது நிமிஷம்தான். அப்புறம் அடுத்த ஜோடி. தானே வந்து என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு மல்ட்டே சொல்றான். நான்தான் வேண்டாம், அப்பா கார்லதான் வருவேன்னு சொல்லியிருக்கேன். என்னை ஏமாத்திடாதீங்க." நான் சரி என்றேன். எனக்கு இருப்பது ஒரே மகள். அவளை அவள் கல்யாணத்துக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இதைத் தவிர எனக்கு அப்போது வேறு எண்ணமே இல்லை.

ஆகவே பெட்டியை வண்டியில் மாட்டினேன். வழி சொன்னது, நன்றாகவே சொன்னது. ஆனால் நெரிசல் செய்தி மட்டும் வரவில்லை. விளக்கப் புத்தகம் முப்பத்தோராம் பக்கத்தில், நெரிசல் செய்திகள் வானொலி நிலையங்களின் பாட்டோடு பாட்டாகச் சத்தமில்லாமல் வரும் என்றும், அதைப் பிடிப்பதற்குத்தான் கூடவே அந்த மெல்லிய ஒயர் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும், பிடித்தால் திரையின் மூலையில் உள்ள குறி பச்சையாகும், இல்லாவிட்டால் சாம்பல் நிறத்திலேயே இருக்கும் என்றும் சொல்கிறது. என்னுடையது சாம்பல். ஒயரை முன்கண்ணாடியில் குறுக்காக ஒட்டினேன், சாம்பல். நெடுக்காக ஒட்டினேன், சாம்பல். ஒயரோடு வந்த ரப்பர் வில்லைகள் வெயிலில் இளகிக் கழன்று, மடியில் பிளம் கேக்கை வைத்திருந்த ரோஸ்விதாவின் மேல் விழுந்தன, ஒயர் கேக்குக்குள் போய்விட்டது, குறி அப்போதும் சாம்பல்தான். நீளம் போதவில்லை என்று நானாகவே முடிவு செய்து, பழைய அழைப்புமணி ஒயரில் நான்கு மீட்டர் வெட்டி முறுக்கிச் சேர்த்து, பின்சீட்டைச் சுற்றிக் கொண்டுவந்தேன். இப்போது வானொலியும் கரகரத்தது. தங்கள் தங்கை கேட்டாள், "ஏங்க, இந்த வண்டியில மனுஷங்களும் ஏறணுமா, இல்ல ஒயர் மட்டும்தான் போகப்போகுதா?"

வேறு வழியில்லாமல் மேல்மாடி லூட்கரிடம் போனேன். யாரிடம் போனேன் என்று தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கூரைமேல் வானொலிக் கம்பம் நட்டு உலகம் முழுதும் பேசிக்கொண்டிருக்கிற அதே லூட்கர். அந்தக் கம்பம் கட்டடத்தின் அழகைக் கெடுக்கிறது என்று குடியிருப்புச் சங்கத்துக்குப் பதினோரு வருடத்தில் நான்கு புகார்கள் போயிருக்கின்றன, நான்கும் என் கையெழுத்தில். மனுஷர் கையில் காபிக் கோப்பையோடு, வீட்டுச் செருப்போடு, மெதுவாகப் படியிறங்கி வந்தார். வண்டியை இரண்டு முறை சுற்றினார். "கம்பம்னா அசிங்கம்னு எழுதினீங்களே ஹார்ட்விக், இப்ப என்ன வேணும்?" என்றார். "கம்பம்தான் வேணும்" என்றேன். அந்தக் காபியை அவர் எவ்வளவு ருசித்துக் குடித்தார் தெரியுமா, மச்சான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "உங்க முன்கண்ணாடியில வெயிலுக்காக உலோகப் பூச்சு இருக்கு, அது சிக்னலை உள்ள விடாது. சார்ஜர் வேற பக்கத்துலயே இரைச்சல் போடுது. நாலு மீட்டரெல்லாம் வேண்டாம், முக்கால் மீட்டர் போதும். ஆனா வெளியில, உசரத்துல, நேரா நிக்கணும்." சொல்லிவிட்டுச் சும்மா போகவில்லை. தன் பழைய கண்ணாடியிழைத் தூண்டில் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து, என் வண்டியின் கூரைச் சட்டத்தில் பட்டைகளால் இறுக்கி, அதன் நுனியில் முக்கால் மீட்டர் ஒயரை நிமிர்த்திக் கட்டி, கீழே கேபிளை ஜன்னல் இடுக்கு வழியாகப் பெட்டிக்குக் கொண்டுவந்து சொருகினார். குறி பச்சையானது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. செய்திகள் கொட்டின. கொலோனில் நான்கு கிலோமீட்டர், எஸ்ஸனில் ஏழு, எங்கோ ஒரு பாலத்தருகே சாலையில் ஏணி கிடக்கிறது, இன்னொரு இடத்தில் ஒரு குதிரை ஓடித் திரிகிறது. வீட்டு முற்றத்தில் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போனால் ஒன்று விட்டுப்போகுமோ என்று பதைத்தது. அந்தக் குதிரை என்னவாயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரோஸ்விதா காலைச் சாப்பாட்டை வண்டிக்கே கொண்டுவந்து, "நாம எங்கயும் போகலையே, எதுக்கு இந்தத் தவிப்பு?" என்று கேட்டாள். போகப்போகிறோமே, அதுதான் தவிப்பு. மூன்று சனிக்கிழமை நான் தனியாக ம்யூன்ஸ்டருக்குப் போய், பதிவு அலுவலக வாசலைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்தேன். மூன்று முறையும் போக ஒரு மணி ஐந்து நிமிடம்.

கல்யாணச் சனிக்கிழமை ஒன்பதே காலுக்குப் புறப்பட்டோம். மொத்தம் ஏழு வண்டிகள். வழக்கப்படி ஒவ்வொன்றின் ஏரியலிலும் வெள்ளை நாடா கட்டினார்கள். என் வண்டிக்கு மட்டும் தூண்டில் கம்பு இருந்ததால், ரோஸ்விதா வலைத்துணியில் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கட்டிவிட்டாள், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. வீப்கே பூங்கொத்தோடு பின்சீட்டில். பெட்டியில் பச்சை. முதல் அரைமணி நேரத்தைப் போல ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. பின்னால் ஆறு வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டு வர, "அப்பா, நிஜமாவே சீக்கிரம் போயிடுவோம் போலிருக்கே" என்று அவள் சொன்னாள். அப்போது பெட்டி சொன்னது, விரைவுச்சாலையில் முன்னே ஆறு கிலோமீட்டர் நெரிசல், அடுத்த வெளியேறும் வழியில் இறங்கவும். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. இதற்குத்தானே ஐந்து வாரம் பாடுபட்டேன். இறங்கினேன். மணமகள் வண்டி இறங்கினால் மற்றவை சும்மா இருக்குமா, ஆறும் இறங்கின.

கிராமத்துச் சாலை. ஒரே ஒரு போக்குவரத்து விளக்கு, பச்சை விழுந்தால் நான்கு வண்டி போகும். எனக்கு முன்னால் முந்நூறு வண்டி இருக்கும், மச்சான். எல்லாவற்றிலும் கண்ணாடியில் ஒரு பெட்டி. என்னைப் போலவே நல்ல சிக்னல் உள்ளவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே புத்திமதியைக் கேட்டு அங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். இதில் கொடுமை என்னவென்றால், பெட்டிக்குப் பெரிய சாலைகளின் செய்தி மட்டும்தான் வருமாம், இந்த மாதிரிச் சின்னச் சாலையெல்லாம் அதன் கணக்கிலேயே கிடையாதாம். ஆகவே நாங்கள் ஒன்றரை மணி நேரம் ஒரு மாட்டுக் கொட்டகை முன்னால் ஊர்ந்தும் நின்றும் கிடந்தபோது, அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இனிமையான குரலில், "வழியில் நெரிசல் எதுவும் இல்லை" என்றது. பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வேலியருகே வந்து கேட்டார், "எல்லாரும் எதுக்கு இங்க வந்து நிக்கறீங்க? ஹைவே காலியாத்தான் ஓடுதாம், என் தங்கச்சி இப்பத்தான் அதுல வந்து இறங்கினா." ரோஸ்விதா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்தாள். நான் கண்ணாடியில் வீப்கேவைப் பார்த்தேன். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பூங்கொத்திலிருந்து ஒவ்வொரு இலையாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போகலாம் என்றால் பின்னாலும் அடைப்பு. அப்போதுதான் கவனித்தேன், பின்னால் ஆறு அல்ல, பதினோரு நாடா வண்டி. இறங்கிப் போய் விசாரித்தால், ஏழாவது வண்டியில் வேறொரு மணப்பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தகப்பனார் இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். "அவ்ளோ பெரிய கம்பம் வெச்சிருக்கறவருக்கு வழி தெரியாமலா இருக்கும்னு உங்க பின்னாடியே இறங்கிட்டோம்" என்றார். அவர்களுக்கு ம்யூன்ஸ்டரில் பதினொன்று நாற்பது. அதாவது எங்களுக்கு அடுத்த ஜோடி. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், "பரவாயில்ல, நீங்க முன்னாடி போங்க" என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார், எங்கே போவது.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐம்பத்தெட்டு. கல்யாணம் நடந்தது, அதை மறைக்கவில்லை. அடுத்த ஜோடியே வராததால்தான் நடந்தது. அவர்களும் என்னோடு நின்றுகொண்டிருந்தார்களே. பதிவு அலுவலர் அம்மாள் இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். இருவரும் ஒரு சாண்ட்விச்சைப் பிய்த்துத் தின்று சிநேகிதமாகிவிட்டிருந்தார்கள். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கல்யாணத்தையும் இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்தார். வெளியே வந்து எல்லோரும் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தபோது வீப்கே என்னிடம் வந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, "அப்பா, இனிமே எங்கயாவது போறதுன்னா நான் ரயில்லயே வந்துக்கறேன். நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றாள். விருந்தில் கல்யாண சூப் என் முன்னால் ஆறிப்போயிற்று. எடுத்துக் குடிக்கக் கை வரவில்லை.

ஆகவே, மைத்துனர் அவர்களே, குற்றம் தங்களுடையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பெட்டி இல்லாதிருந்தால் நான் விரைவுச்சாலையிலேயே போயிருப்பேன், அவ்வளவுதான் சொல்கிறேன். தூண்டில் கம்பை இன்று கழற்றி லூட்கரிடம் ஒப்படைக்கிறேன். வண்டியையும் விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். இனி என் வாழ்நாளில் நெரிசல் என்ற சொல்லைக் கேட்க நான் விரும்பவில்லை. தங்கள் முழங்கால் பழைய பலம் பெறவும், ஹைடே அக்கா நீண்ட ஆயுளோடு இருக்கவும், நாய்க்குட்டிக்கு வயிறு சரியாகவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவுள்ள,
ஹார்ட்விக்.

பி.கு.: புதன்கிழமை எழுதுவது. பார்சலை எதிர்பார்க்க வேண்டாம். கட்டிய நூலை இன்று காலை நானே அறுத்துவிட்டேன். தேனிலவுக்கு மோசல் ஆற்றுப் பக்கம் கிளம்பிய வீப்கே, கொலோனைத் தாண்டும் முன்பே போன் செய்தாள். மல்ட்டேதான் ஓட்டுகிறானாம், அரை மணியாக நின்ற இடத்திலேயே நிற்கிறார்களாம், அவன் பெட்டியில் சிக்னலே இல்லையாம். "அப்பா, உங்களுதுல என்ன காட்டுதுன்னு பாருங்களேன்" என்றாள். நான் பெட்டியைப் பார்சலிலிருந்து எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். கம்பு இன்னும் கழற்றப்படவில்லை. பச்சை விழுந்தது. அடுத்த வெளியேறும் வழியில் இறங்கினால் தெளிவான சாலை என்று காட்டியது. "ஒண்ணும் காட்டலம்மா, அங்கயே இருங்க, தானா சரியாயிடும்" என்றேன். மாடுகள் முன்னால் நான் முழித்த முழியைப் பற்றி மல்ட்டேயிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம், அதை எனக்கும் நடித்துக் காட்டினாள். பிறகு அவள் அலுவலகம், புது வீட்டுச் சமையலறை, மல்ட்டேயின் குறட்டை. முக்கால் மணி நேரம் பேசினோம். அத்தனை நேரம் அவள் என்னோடு பேசி எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. பெட்டியில் அந்த மாற்றுச் சாலை கடைசிவரை தெளிவாகத்தான் தெரிந்தது, அவளிடம் சொல்லவில்லை. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடவும்.