மாமாவின் கடையை அரசாங்கத்துக்காகத் திறந்த விவரம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அம்மா நலம், நான் நலம், உங்கள் கடைதான் சற்று நலமில்லை. தங்கள் நலத்தை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபிறகு தெரிவித்தால் போதும்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. உங்கள் கடைக்கதவைக் கழற்றியது நான்தான். ஊரில் சொல்வதுபோல் பூட்டை உடைக்கவில்லை. பூட்டு பூட்டியபடியே பத்திரமாக இருக்கிறது, கதவுதான் இல்லை. கீல் ஆணிகளை வெளிப்பக்கமாக வைத்துக் கதவு செய்த தச்சனை நீங்கள் இத்தனை வருடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். மூன்று ஆணி, ஐந்து நிமிட வேலை.

துரைமார் நாட்டுத் துணியை வாங்குவதில்லை என்று ஊர் முடிவெடுத்த மறுநாளே நீங்கள் கடையைச் சாத்திவிட்டு, இடுப்புவலி வைத்தியம் என்று உங்கள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். விற்றால் ஊர் திட்டும், விற்காவிட்டால் அரசாங்கம் திட்டும், சாத்திவிட்டால் இரண்டு பக்கமும் நல்ல பெயர். ஆனால் போன வாரம் புது ஆணை வந்தது: பகிஷ்காரத்துக்காகச் சாத்திய கடைகளை அரசாங்கமே திறந்து, அரசாங்கமே வியாபாரம் நடத்தும். திறக்க வேண்டியது எங்கள் அரசாங்கப் பட்டறை. பட்டறையில் இருக்கும் ஒரே மெக்கானிக் நான். மாட்டேன் என்றால் வேலை போகும். "அரசாங்க வேலை இருக்கிற வரைக்கும்தான் என் பொண்ணு உனக்கு"ன்னு அம்மா முன்னாலேயே சொன்னது நீங்கள்தானே? கழற்றினாலும் பெண் இல்லை, கழற்றாவிட்டாலும் பெண் இல்லை. கழற்றினால் உங்களுக்குக் கோபம் வரும், கோபம் ஆறக்கூடியது என்று கழற்றிவிட்டேன்.

கல்லாவில் ஏட்டு உட்கார்ந்தார். கெஜக்கோலை நீங்கள் எங்கே வைத்தீர்களோ தெரியவில்லை, மனிதர் கையிலிருந்த தடியாலேயே துணியை அளந்தார். "ஏட்டய்யா, அடிக்காம அளங்க!" என்று தெருவிலிருந்து குரல். வேடிக்கை பார்க்க ஊரே வந்தது, வாங்க ஒருவர் வரவில்லை. மாலையில் "வியாபாரம் இயல்பு" என்று மேலிடத்துக்குத் தந்தி கொடுக்க வேண்டிய போலீஸ் துரைக்கு வியர்த்துவிட்டது. எட்டுப் போலீஸ்காரர்களுக்குச் சாதா உடை மாட்டி வாடிக்கையாளராக அனுப்பினார். உடை மாறியதே தவிர பூட்ஸ் மாறவில்லை. கூட்டத்தில் யாரோ "லெஃப்ட்! ரைட்!" என்றதும் எட்டுப் பேரும் பழக்க தோஷத்தில் கால் சேர்த்து நடந்து வந்து கல்லாவுக்கு சல்யூட் அடித்தார்கள். வாங்கிய துணியோடு பின்கதவால் வெளியேறி, அதே எட்டுப் பேர் மறுபடி முன்னால் வந்தார்கள். மூன்றாவது சுற்றில், "வாங்க வாங்க, போன துணி பத்தலையா?" என்று தெருவே வரவேற்றது. தந்தியில் இருபத்துநான்கு வாடிக்கையாளர் என்று போயிற்று.

மறுநாள் இன்னொரு ஆணை. கடைவீதியில் ஐந்து பேர் சேர்ந்து சிரித்தால் அது கலகம். அதைத் தண்டோரா போட வந்தவன் பாதி படிக்கும்போதே சிரித்துவிட்டான், அவனை முதலில் பிடித்தார்கள். ஜனங்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள் இல்லையா, நாலு நாலு பேராகப் பிரிந்து முறை வைத்துச் சிரிக்கிறார்கள். இந்த நாலு பேர் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அடுத்த நாலு பேர் ஆரம்பம். கையில் பென்சிலோடு துரை எண்ணிக்கொண்டே நிற்கிறார், ஐந்து வரவே மாட்டேன் என்கிறது!

இத்தனையிலும் நான் சிரிக்கவில்லை மாமா. உதட்டைக் கடித்துக்கொண்டு கதவுச் சட்டத்தை அளப்பதுபோல் நின்றேன். உங்கள் பெண்ணை அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தலைவலி என்று எங்கள் வீட்டில் படுத்திருக்கிறாள். ஆக, வேலை பத்திரம், பெண் பத்திரம். ஊர் அடங்கியதும் ஆணிகளை உட்பக்கமாக மாற்றி நானே கதவை மாட்டித் தருகிறேன். கோபம் ஆறியதும் நாள் பாருங்கள்.

உங்கள் இடுப்பு சீக்கிரம் நிமிர வேண்டும். அத்தைக்கும் சின்ன மாமாவுக்கும் என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பின்குறிப்பு: மேலே எழுதியது இன்று காலை பத்து மணி வரைதான் உண்மை. பத்து மணிக்குப் போலீஸ்காரர்கள் நடந்தே களைத்துவிட்டார்கள் என்று துரை என்னை வாடிக்கையாளராக உள்ளே தள்ளினார். வாசலில் நாலு பேர் சட்டப்படி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி உங்கள் பெண். நாலு நாலாகப் பிரித்து முறை வைத்ததே அவள்தானாம். தலைவலியெல்லாம் அம்மாவும் சேர்ந்து சொன்ன பொய். என்னைப் பார்த்ததும், "ஏட்டய்யா, எங்க அத்தானுக்குக் கொஞ்சம் தாராளமா அளங்க. தோள் அகலம், மூளைதான் குறுகல்!" என்றாள். நான் சிரித்துவிட்டேன். ஐந்தாகிவிட்டது. துரைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கை தட்டினார்.

வேலை போய்விட்டது. ஐந்து பேரும் காவல் நிலையத்தில் இருக்கிறோம். சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்களாம், ஆகவே இடுப்பைப் பார்க்காமல் உடனே கிளம்பி வரவும். ஜாமீன் படிவங்களை நானே எழுதி வைத்திருக்கிறேன். 'உறவு' என்ற இடத்தில் அவள் படிவத்தில் தகப்பனார், என் படிவத்தில் மாமனார். அடித்தல் திருத்தல் இருந்தால் இரண்டுமே செல்லாது என்று ஏட்டு சொல்கிறார்.