தண்ணீர் குடிக்க வந்த சம்பந்திகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, தலைமையாசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமா? நான் ஒரு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். வீட்டுப் பெண்களுக்குத் தெரிய வேண்டாம்.

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஆறு மணி நேரம் இறங்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு, அறுபத்தெட்டு வயதில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஸ்டாப்பிங் வருகிறது. போன மாதம் மகளைப் பார்க்க வந்து தங்கள் வீட்டில் தங்கிய ராத்திரி, படித்தவர் வீட்டில் மானம் போகக்கூடாதே என்று விளக்குப் போடாமல் சுவரைத் தடவியபடியே இரண்டு தடவை போய் வந்துவிட்டேன். மூன்றாம் தடவை, கழிப்பறைக்குப் போகும் வழியான சமையலறைக்குள் என் கைக்குச் சுவர் அகப்படவில்லை; தங்கள் மூக்குதான் அகப்பட்டது. விளக்கைப் போட்டீர்கள். நான்கு வருடச் சம்பந்தத்தில் "சாப்பிட்டீங்களா", "ஆச்சுங்க" தவிர நாம் வேறென்ன பேசியிருக்கிறோம்? அந்த நேரத்தில் உண்மை வாயில் வருமா?

"தண்ணி குடிக்க வந்தேங்க" என்றேன்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றீர்கள்.

சொன்ன பாவத்துக்கு ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். உபசாரத்துக்காக எனக்கு இன்னொன்று ஊற்றினீர்கள். பதில் மரியாதையாக நானும் தங்களுக்கு ஊற்றினேன். பிறகு "நீங்க போய்ப் படுங்க", "இல்லீங்க, நீங்க முதல்ல" என்று காலை மாற்றி மாற்றி நின்றோம். கடைசியில் தாங்கள்தான், "சம்பந்தி, இனிமே மரியாதை பார்த்தா மானம் போயிடும்!" என்று கத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினீர்கள். திரும்பி வரும் வரை நான் பட்ட பாட்டைப் பகைவனும் படக்கூடாது.

அப்புறம் மேஜையில் உட்கார்ந்து எப்படிச் சிரித்தோம்! சிரிப்பு அடங்கியதும் தாங்கள் மெல்லச் சொன்னீர்களே: "ராத்திரிக்கு நாலு தடவைங்க. ரெண்டு வருஷமா. டாக்டர்கிட்ட போனா வேற ஏதாவது சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கு." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. எனக்கும் அதே பயம்தான். சரி, முதலில் நானே போய்ப் பார்க்கிறேன் என்று டாக்டரிடம் போனேன். என்ன குடிக்கிறேன், எப்போது எழுகிறேன் என்று மூன்று நாள் எழுதிவரச் சொன்னார். பார்த்தால், பிரஷருக்காகக் காலையில் போட வேண்டிய, நீர் பிரிக்கும் மாத்திரையை நான் படுக்கும்போது போட்டுக்கொண்டிருக்கிறேன்! "படுக்கப் போறப்ப இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிட்டு, வண்டி ஏன் நிக்கலைன்னு கேக்கறீங்களே ஐயா" என்றார். இப்போது ஒரே ஒரு தடவைதான்.

தங்களுடையது மாத்திரையா, சர்க்கரையா, புராஸ்டேட்டா, டாக்டர்தான் சொல்ல வேண்டும். புதன்கிழமை காலை வருகிறேன். சேர்ந்தே போவோம். உள்ளே வரவேண்டாம் என்றால் வாசலில் நிற்கிறேன். நல்ல மனுஷர் நீங்கள். நெடுநாள் இருக்க வேண்டும்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
டிரைவர் சம்பந்தி

பி.கு.: தபால்தலை ஒட்டக் கொடுத்த இடத்தில் என் மனைவி இதைப் படித்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். அன்றைக்குச் சம்பந்தியம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு, இவளிடம் சொல்லியிருக்கிறார். "அந்த நேரத்துல அவங்க ஏன் முழிச்சிருந்தாங்க?" என்றேன். "அவங்களுக்கும் அதே தொந்தரவுதான். நீங்க ரெண்டு பேரும் வழியை மறிச்சுக்கிட்டு தண்ணி குடிச்சா, பாவம் அவங்க எங்கே போவாங்க?" என்கிறாள். ஆகவே புதன்கிழமைக்கு, மறுபடி காட்ட வேண்டிய என்னையும் சேர்த்து, மூன்று டோக்கன் போட்டிருக்கிறேன். முதல் டோக்கன் சம்பந்தியம்மாவுக்கு.